கேளாது எடுத்த தீர்மானம்: 1855இல் வட்டுக்கோட்டையும் உடுவிலும்

எங்கள் சங்கத்தின் பொருளாளராக நான் இருந்த காலத்தில் நடந்த ஒரு காரியத்தோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவி ஒருவர், தம் தாயாரின் நினைவாக விடுதிப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகங்கள் வாங்கும்படி ஒரு தொகை அனுப்பியிருந்தார். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் விடுதியின் கூரை ஒழுகத் தொடங்கிவிட்டது. ஓடு மாற்றக் கையிலே பணமில்லை. செயற்குழு கூடியது. புத்தகப் பணத்தைக் கூரைக்குத் திருப்புவது என்று எல்லோரும் ஒருமித்துத் தீர்மானித்தோம். "பிள்ளைகள் நனையும்போது கதைப்புத்தகம் எதற்கு?" என்று கேட்டவளும் நான்தான்.

மறு ஆண்டு அவர் ஊருக்கு வந்தபோது விடுதிக்குப் போய்ப் புத்தக அலுமாரியைத் தேடினார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூரைக்கும் தந்திருப்பனே, ரீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

பல ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவள் நான். அந்த வார்த்தையைக் கேட்ட கணத்தில் என் நினைவுக்கு வந்தது 1855ஆம் ஆண்டு. அது எங்கள் கல்லூரியின் கதையன்று. எங்கள் சங்கம் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முந்திய கதை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் படித்த பெண்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. பழைய மாணவர் என்ற ஒரு கூட்டத்தாருக்கு என்ன பலம் இருக்கிறது என்பதை இந்த மண் கண்டுகொண்டதும் அந்த ஆண்டின் பின்விளைவாகத்தான்.

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்ததே ஒரு திசைமாற்றத்தால். 1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்ட முதலாவது மிசனரிக் குழுவினரை அங்கே தங்கவிடாமல் கிழக்கிந்தியக் கம்பனி விரட்டியது. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்து, இவ்விடம் பொருத்தமானது என்று தம்மவருக்கு எழுதினார். 1816இல் அடுத்த குழு வந்து சேர்ந்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய கோவிற் கட்டடங்கள் கூரையின்றிக் கிடந்தன. அரசாங்கம் அவற்றை இவர்களிடம் கொடுத்தது. இவர்கள் கூரை போட்டுக் குடியேறினார்கள்.

1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிற்று. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். இவற்றுக்கான பணம் அமெரிக்காவிலுள்ள சபைகளிலிருந்தும் தனிப்பட்டவர்களிடமிருந்தும் வந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டவர் அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடுவிக்கலாம். அக்கால யாழ்ப்பாணத்தில் கரோல், ஆர்ணல்ட், நெவின்ஸ், வைமன் என்ற பெயர்களோடு தமிழ்ப் புலவர்களும் ஆசிரியர்களும் உலாவியது இப்படித்தான். பணத்தோடு ஒரு பெயரும் வந்தது. பெயரோடு ஒரு நோக்கமும் வந்தது. படித்த பிள்ளை கிறிஸ்தவனாகித் தன் சனத்தாருக்குப் போதிக்க வேண்டும் என்பதே கொடுத்தவரின் எதிர்பார்ப்பு.

ஒரு நோக்கத்துக்கு வந்த ஆளையும் பணத்தையும் இன்னொன்றுக்கு மாற்றுவது மிசனுக்குப் புதிதல்ல. 1834இல் மதுரையில் புதிய மிசன் தொடங்கியபோது யாழ்ப்பாணத்து மிசனரிமார் சிலர் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களுக்குத் துணையாகச் செமினரியில் படித்த தமிழ் இளைஞரும் கடல் கடந்தனர். சில ஆண்டுகளில் டானியல் பூவரும் மதுரைக்குப் போனார். உடுவில் அம்மையாரின் கணவரான மைரன் வின்ஸ்லோ 1836இல் சென்னைக்குப் போனார். அங்கே 1862இல் வெளிவந்த அவரது தமிழ் - ஆங்கில அகராதியை நம்மிற் பலர் அறிவோம். 1837இல் அமெரிக்காவில் பெரும் பணநெருக்கடி ஏற்பட்டது. பொஸ்டனிலிருந்து வரும் தொகை சுருங்கவே, இங்கே கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. பொஸ்டனிலே வங்கி முடங்கினால் பண்டத்தரிப்பிலே திண்ணைப் பள்ளிக்கூடம் மூடப்படும். பிறர் பணத்தில் நடக்கும் கல்வியின் நிலை இது.

இத்தனைக்கும் நடுவில் செமினரி வளர்ந்தது. கணிதம், வானியல், பௌதிகம், தமிழ், வடமொழி யாவும் அங்கே கற்பிக்கப்பட்டன. அதிபராயிருந்த ஹொய்சிங்டன் சைவசித்தாந்தத்தைக் கற்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1850இல் வெளியான தமது நூலில், இந்தச் செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று மதிப்பிட்டார். படித்து வெளியேறியவர்களுக்கு அரசாங்கக் கந்தோர்களில் உத்தியோகம் காத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் மட்டுமல்ல, இந்தியாவிலும் அவர்கள் வேலை பார்த்தார்கள்.

கொடுத்தவரின் கணக்கு உதைத்தது இங்கேதான். செமினரியில் படித்தவர்களிற் பலர் சைவராகவே இருந்தனர். கிறிஸ்தவரானவர்களிலும் பலர் சம்பளம் கூடிய அரசாங்க உத்தியோகத்தை நாடினர். பணம் கொடுத்த நோக்கம் ஒன்று. அது பயன்பட்டது இன்னொன்றுக்கு. எவரும் திருடவில்லை, எவரும் ஏமாற்றவில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1855இல் மிசனின் வெளிநாட்டுச் செயலாளர் றூபஸ் அண்டர்சன், தொம்சன் என்னும் போதகரோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் மிசன் எப்படி நடக்கிறது என்று பார்த்துத் திருத்துவதற்காக வந்த குழு அது. அண்டர்சனின் கொள்கை தெளிவானது. உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆள வேண்டும். தன் செலவைத் தானே தாங்க வேண்டும். தானே பரவ வேண்டும். அதற்கு ஆங்கிலம் படித்த உத்தியோகத்தர் தேவையில்லை. தாய்மொழியில் போதிக்கக்கூடிய உள்ளூர்க் குருமாரும் உபதேசிகளும் தேவை. ஆங்கிலக் கல்வி பிள்ளையைத் தன் ஊரிலிருந்தும் தன் சனத்திலிருந்தும் பிரித்துவிடுகிறது என்பது அவர் வாதம். செமினரி மூடப்பட்டது. ஆளும் பணமும் தமிழ்ப் போதனைக்கும் கிராம வேலைக்கும் திருப்பப்பட்டன.

அந்தத் தீர்மானத்தை வெறும் மூடத்தனம் என்று எழுதிவிடுவது எளிது. எங்கள் பாடநூல்களிலே நான் படித்ததும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அண்டர்சன் சொன்னவற்றில் உண்மையும் இருந்தது. செமினரியின் பயனைப் பெற்றவர்களிற் பெரும்பாலார் வெள்ளாளக் குடும்பத்து ஆண்பிள்ளைகள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்து மட்டும் கற்ற பிள்ளையின் பங்குப் பணம் அவர்களுடைய வானியற் பாடத்துக்குப் போனது என்றும் ஒருவர் வாதிக்கலாம். தாய்மொழிக் கல்வி வேண்டுமென்று நூறு ஆண்டுகளுக்குப் பின் நாங்களும் கேட்கத்தானே செய்தோம்?

தாய்மொழிக் கல்வி நல்ல பலன் தந்த இடமும் ஒன்றுண்டு, அது மானிப்பாய். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மறு ஆண்டே ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் கற்றவர்களும் அரசாங்க வேலைக்குப் போகத் தலைப்பட்டனர். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்தபின், 1864இல், அவர் தமிழிலே வைத்திய வகுப்பைத் தொடங்கினார். தமிழிற் கற்றவர்கள் ஊரிலேயே இருந்து கிராமத்தாருக்கு வைத்தியம் செய்வார்கள் என்பது அவர் எண்ணம். அதற்காக மேனாட்டு வைத்தியத்துக்குரிய சொற்களைத் தமிழில் ஆக்கினார். தம் மாணவரின் உதவியோடு இரண வைத்தியம், உடற்கூறு, இரசாயனம் ஆகிய துறைகளில் நூல்களை வெளியிட்டார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் படிப்பிக்கலாம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவியவர் அவர்.

அண்டர்சனின் நோக்கத்தில் தவறு இருந்ததோ இல்லையோ, அதை நடத்திய வகையில் ஒரு குறை இருந்தது. மிசனரிமாரைக் கலந்துகொண்டார்கள். பொஸ்டனில் உள்ளவர்களுக்கு அறிக்கை அனுப்பினார்கள். இக்குழுவின் நடவடிக்கை சரியா என்று கேள்வி எழுந்தபோது, அதை ஆராய 1856இல் அமெரிக்காவின் ஓல்பனி நகரில் ஒரு விசேட கூட்டமே நடந்தது. கொடுத்தவர்களுக்கு இத்தனை மரியாதை கிடைத்தது. பிள்ளையை அனுப்பிய பெற்றோரின் சம்மதமும், அங்கே படித்து வெளியேறியவர்களின் சம்மதமும் தேவை என்று எவரும் நினைக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்த ஒரு கலாசாலை பொஸ்டனுக்கு மட்டும் சொந்தமா என்ற கேள்வியும் எழவில்லை.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொன்னவர்கள் பழைய மாணவர்கள். செமினரி மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூடச் செல்லவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்ற பெருமையைப் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் பிள்ளையைத் தன் சனத்திலிருந்து பிரித்துவிடும் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பலாம், கட்டடத்தைப் பூட்டலாம். ஏற்கெனவே படித்து முடித்த ஒருவரின் படிப்பை வேறு நோக்கத்துக்குத் திருப்ப எவராலும் முடியாது.

ஊரிலிருந்த பழைய மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. செமினரியில் ஆசிரியராயிருந்த தமிழர் ஒருவர் வட்டுக்கோட்டையிலே ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நடத்தினார். உயர்கல்விக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை ஓயவேயில்லை. 1867இல் அதற்கென வட்டுக்கோட்டையில் கூட்டம் கூடியது. உள்ளூரில் பணம் சேர்த்தார்கள். அமெரிக்காவிலும் நிதி திரட்டப்பட்டது. 1872 யூலையில், செமினரி இருந்த அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஹேஸ்ரிங்ஸ் அதன் முதல் அதிபர். அதன் ஆளுகையில் மிசனரிமாரோடு தமிழரும் அமர்ந்தனர்.

தன் செலவைத் தானே தாங்கும் சனம் வேண்டும் என்பதுதானே அண்டர்சனின் விருப்பம்? தனக்கு வேண்டிய கல்லூரிக்கு அந்தச் சனம் தானே பணம் சேர்த்தது. 1855இல் செமினரியின் கதவைப் பூட்டுமுன் ஒருமுறை கேட்டிருந்தால் அப்போதே சேர்த்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இடையிலே போனவை பதினேழு ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்து முடிக்கும் காலம் அது.

இனி உடுவிலுக்கு வருவோம். செமினரி மூடப்பட்டபோதும் உடுவில் மூடப்படவில்லை. பெண் கல்வியின்மேல் அண்டர்சனுக்கு இருந்த மதிப்பே காரணம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் காரணம் வேறு. அவருடைய திட்டத்தில் உள்ளூர்க் குருமாருக்கும் உபதேசிமாருக்கும் படித்த கிறிஸ்தவ மனைவியர் தேவைப்பட்டார்கள். அந்த மனைவியரை உருவாக்கும் இடம் பெண்கள் விடுதிப் பாடசாலை. 1824இல் உடுவில் தொடங்கியபோதே இந்த எண்ணம் இருந்தது. ஆரம்ப காலத்தில், படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்கு மிசனே சீதனமும் கொடுத்தது. எழுத்தும் வாசிப்பும் கோவில் நாட்டியப் பெண்களுக்கே உரியவை என்று நினைத்த சமூகத்தில், தம் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்குப் பெற்றோருக்கு வேறென்ன ஆசை காட்டமுடியும்?

ஆகவே பெண்ணின் கல்வி தப்பிப் பிழைத்தது, அது ஆணின் தேவைக்கு உதவும் என்று எண்ணப்பட்டதால். நூற்றாண்டு விழாக்களிலே இதை நாங்கள் அதிகம் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டும். எங்கள் பாட்டிமார் படிக்கும் வாய்ப்பைப் பெற்றது, வேறு யாரோ தமக்கென வகுத்த நோக்கம் ஒன்றின் ஓரத்திலே நின்றுதான்.

ஆனால் அந்த நோக்கத்தோடு கதை முடியவில்லை. 1840இல் நியூயோர்க்கிலிருந்து எலிசா அக்னியூ என்னும் மணமாகாத பெண் உடுவிலுக்கு வந்தார். 1879வரை அங்கே படிப்பித்தார். ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1883இல் இங்கேயே காலமானார். பொஸ்டனிலே கொள்கை மாறியபோதும், பணம் சுருங்கிய காலத்திலும், அதிபர்களும் மிசனரிமாரும் ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டபோதும், அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் அவரிடம் படித்தார்கள். தம் முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே படிப்பித்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று ஊரவர் அவரை அழைத்தார்கள்.

அந்த ஆயிரம் பேரும் உபதேசிமாரின் மனைவியராக மட்டும் இருந்துவிடவில்லை. கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள். தாம் படித்ததைத் தம் பெண்பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். தாய் படித்த வீட்டில் மகள் படிக்காமல் இருப்பது வெட்கம் என்ற நிலை மெல்ல மெல்ல உண்டானது. சீதனம் கொடுத்துப் பிள்ளை பிடித்த பாடசாலைக்கு, பிற்காலத்தில் பெற்றோர் தாமே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். சைவரும் அதைக் கண்டு தம் பெண்களுக்குப் பாடசாலைகளை எழுப்பினார்கள். இந்த மாற்றத்துக்கு எந்தக் குழுவும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. எவரும் அறிக்கை எழுதவில்லை. மனைவியாக்கவென்று கொடுத்த கல்வியை, அந்தப் பெண்கள் தாமே வேறொன்றாக ஆக்கிக்கொண்டார்கள்.

எங்கள் சங்கத்தின் நூறு ஆண்டுகளை நினைக்கும்போது எனக்கு இவை எல்லாம் மனதில் வருகின்றன. எங்கள் கல்லூரியும் பல திசைமாற்றங்களைக் கண்டது. கட்டடங்கள் வேறு தேவைகளுக்குப் போய்த் திரும்பி வந்தன. பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற காலத்தில் ஆளுகை பற்றிய கேள்விகள் எழுந்தன. ஆசிரியைகள் இடம் மாறினார்கள். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் நடந்து கடல்நீரேரி தாண்டியபோது, பள்ளிக்கூடங்கள் எல்லாம் சனம் படுத்துறங்கும் இடங்களாயின. அவற்றிலே அவசியமானவையும் உண்டு. யாரும் குறை சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீரில்லாதவனுக்கு வகுப்பறையைத் திறந்துவிடுவதற்கு எவர் சம்மதமும் கேட்க வேண்டியதில்லை.

அவசரமில்லாத காலத்தில் எடுக்கும் தீர்மானங்கள் வேறு. இன்று எங்கள் பிள்ளைகளின் கல்விக்கென்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பணம் வருகிறது. அன்று பொஸ்டன் இருந்த இடத்தில் இன்று நாங்கள் இருக்கிறோம். விஞ்ஞான கூடத்துக்கென்று வந்தது கணினிக்குப் போகலாம். பரிசு நிதி மலசலகூடத்துக்குப் போகலாம். சங்கீத ஆசிரியைக்கென்று ஒதுக்கியது பரீட்சை வகுப்புக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கும். அண்டர்சனிடமும் நல்ல காரணம் இருந்தது. கொடுத்தவரைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அந்த அம்மையார் கற்பித்த பாடம். பெறுபவரையும் கேட்க வேண்டும் என்பது வட்டுக்கோட்டை கற்பித்தது. எங்கள் தீர்மானத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று விடுதியிலுள்ள பிள்ளையிடம் நாங்கள் கேட்டதுண்டா? நானும் அன்று கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். கூரை வேலை நடந்து சில மாதங்களின் பின், அந்த அம்மையார் புத்தகங்களுக்கென்று மீண்டும் பணம் அனுப்பினார். இம்முறை விடுதிப் பிள்ளைகளைக் கூட்டி, என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். கதைப்புத்தகம் பாதியும், உயர்தர விஞ்ஞானப் பாடத்துக்கான கடந்தகால வினாத்தாள்கள் பாதியும் வேண்டும் என்றார்கள். அம்மையாருக்கு எழுதிக் கேட்டேன். "பிள்ளைகள் கேட்கிறதை வாங்குங்கோ" என்று பதில் வந்தது. அலுமாரி இப்போது நிறைந்திருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது விடுதிப் பக்கம் போய்ப் பாருங்கள். கூரையும் ஒழுகவில்லை.